பிப்பெட் அலமாரியில் இருந்தது

காரம் போகாத துணியைப் பிழிந்தால் கை வழுக்கும். சோப்பும் நுரையும் இல்லாமலே வரும் அந்த வழுவழுப்பில், விரலோடு விரல் உரசும்போது நம் தோலே கரைகிறதோ என்று தோன்றும். உண்மையில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான் என்பதைப் பிற்பாடு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். திருப்பூரில் ஆற்றோரம் இருந்த ஒரு சாயப்பட்டறையில் என் அப்பா மாஸ்டராக இருந்தார். பனியன் துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, தொட்டி தொட்டியாக அலசி, கடைசித் தொட்டியிலிருந்து எடுத்ததும் அப்பா அதன் ஓரத்தை முறுக்கிப் பிழிவார். சொட்டும் தண்ணீரில் ஒரு துளியை விரல் நுனியில் ஏந்தி நாக்கில் வைப்பார். பட்டறை மொத்தமும் அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்கும். "காரம் போயிருச்சுங்க, காயப் போடுங்க" என்றால்தான் துணி கொடிக்குப் போகும். "இன்னொரு தண்ணி உடுங்க" என்றால் மறுபேச்சு கிடையாது. பட்டறையில் அதற்கு 'மாஸ்டர் நாக்கு' என்று பெயர்.

அந்த நாக்கின் மகள் என்பதில் எனக்கு அப்போது தலைகொள்ளாத பெருமை. எண்பதுகளின் கடைசியில் அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்தேன். வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் டெய்லராகவோ கட்டிங் மாஸ்டராகவோ இருந்தார்கள். 'கெமிக்கல்' வீட்டுப் பிள்ளை நான் ஒருத்திதான். வேதியியல் புத்தகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று படித்த அன்று, "ஓ, காஸ்டிக்கா!" என்று வகுப்புக்கே கேட்கும்படி சொல்லி, ஏதோ என் சித்தப்பாவைப் பற்றிப் பாடம் எழுதியிருப்பதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தவள் நான்.

எங்கள் வேதியியல் ஆய்வகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள அறை. அறுபது பெண்கள். ஒரே ஒரு குழாய், அதிலும் நகராட்சித் தண்ணீர் வருகிற நாளில்தான் தண்ணீர். மற்ற நாட்களில் அமிலம் பட்டால் கழுவுவதற்கென்று வாசலில் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் நிற்கும். மதிய இடைவேளையில் யாராவது அதில் டிபன் பாக்ஸ் கழுவிவிடுவார்கள். மேசை துடைக்க மூலையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கிடக்கும், எங்கள் ஊரில் காசில்லாமல் கிடைத்த பொருள் அது ஒன்றுதான். ஸ்பிரிட் விளக்கு ஏற்றும் முன் எல்லோரும் சடையைச் சுருட்டி முடிச்சுப் போட வேண்டும், தாவணி முனையை இடுப்பில் செருக வேண்டும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயுவைத் தயாரிக்கிற நாளில் பக்கத்துச் சத்துணவுக்கூடத்து அக்கா ஓடி வந்து, "ஏனுங்க டீச்சர், சாம்பார்ல நாத்தம் புடிச்சுக்குமுங்க, செத்த நேரம் கழிச்சு வெச்சுக்குங்க" என்று கெஞ்சுவார். ஆய்வக உதவியாளர் இடம் காலியாகி வெகுநாள் ஆகியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், விசாலாட்சி டீச்சர்.

ஒல்லியான உருவம். எப்போதும் மெல்லிய வாயில் ரகப் புடவை, அதன் முன்கொசுவத்தில் அமிலம் தெறித்த பொடிப்பொடி ஓட்டைகள். அவர் அதிகம் பேச மாட்டார், ஆனால் இரண்டு விஷயங்களில் மட்டும் காளி. ஒன்று, ஆய்வகத்தில் எதையும் வாயருகே கொண்டுபோகக் கூடாது. இரண்டாவது, பிப்பெட்டை ஒருத்தி தனியாகத் தொடக் கூடாது. பிப்பெட் என்பது நடுவில் பருத்த கண்ணாடிக் குழாய். கரைசலில் முனையை வைத்து, மேல் முனையை வாயில் வைத்து உறிஞ்சி, கோட்டுக்கு வந்ததும் விரலால் அடைத்து அளந்தெடுக்க வேண்டும். கீழே கரைசல் குறைந்து முனை வெளியே வந்துவிட்டால் குழாயில் இருப்பது குபீரென்று வாய்க்குள் ஏறிவிடும். "ஒருத்தி உறிஞ்சோணும், ஒருத்தி கீழ பாத்துட்டே இருக்கோணும்" என்பது டீச்சரின் சட்டம். முதல் சட்டமும் இரண்டாவது சட்டமும் ஒன்றோடொன்று முட்டுகிறதே என்று நாங்கள் சிரிப்போம். வாயால் உறிஞ்சாமல் எடுக்க ரப்பர் பல்பு என்று ஒன்று உண்டென்றும், வருஷா வருஷம் அதை எழுதிக் கேட்டும் வந்தபாடில்லை என்றும் டீச்சர் சொல்வார். கேட்ட மற்ற பொருட்களும் அப்படித்தான். காஸ்டிக் தீர்ந்துபோனபோது டீச்சர் என்னிடம் தயங்கித் தயங்கி, "உங்கப்பா கிட்டக் கேட்டுப் பாரு கண்ணு" என்றார்.

அப்பா ஒரு கேனில் கொடுத்துவிட்டார். அதன் வாயைப் பனியன் துணியால் இறுக்கிக் கட்டி, "இது நேர் சரக்கு, தண்ணி கலக்காதது. டீச்சர் கையிலயே குடு சாமி" என்றார். நான் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் அதை ஒரு பெரிய பாட்டிலில் ஊற்றி ரப்பர் கார்க் போட்டு, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து நிறையத் தண்ணீர் கலந்து, அதே மாதிரி இன்னொரு பாட்டிலில் நிரப்பி வைத்தார். இரண்டுக்கும் லேபிள் எழுதி ஒட்டியதும் நான்தான். அந்த அறையில் லேபிள்கள் வாழ்வதில்லை. அமில ஆவி பட்டுப் பட்டுப் பழுப்பாகி, சில வாரங்களில் பொடியாக உதிர்ந்துவிடும்.

ஜெசிந்தா என் மேசைக்காரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார், தம்பி சின்னவன், அப்பா இல்லை. கம்பெனியில் கைமடி வேலைக்கு, அதாவது டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு, பெண்பிள்ளைகளை எப்போதும் தேடிக்கொண்டிருந்தார்கள். பத்தாவதிலேயே அவளை அனுப்பிவிட இருந்த அம்மாவிடம் அழுது, பட்டினி கிடந்து, பிளஸ் டூ மட்டும் என்று அனுமதி வாங்கி வந்தவள். நர்ஸாகப் போக வேண்டும் என்பாள். என்னைப் போல வாய்ச்சவடால் இல்லை. நான், அமிலத்தையும் காரத்தையும் கலந்து அளக்கிற டைட்ரேஷன் முடிந்த கரைசலில் ஒரு சொட்டைத் திருட்டுத்தனமாக நாக்கில் வைத்து "இது ஆசிட் மிச்சம், இது கார மிச்சம்" என்று சொல்லி, தோழிகளிடம் 'மாஸ்டர் நாக்கு' பட்டத்தை வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், "ஏட்டி, ஒரு நாளைக்கு வாங்கிக் கட்டிக்கப் போற" என்று அவள் ஒருத்திதான் சொன்னாள்.

அப்பா என்னிடம் சொல்லியிருந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. "ஏழு தண்ணி அலசின துணியத்தான் நாக்குல வெக்கோணும். தொட்டித் தண்ணிய வெச்சீன்னா நாக்கு வெந்துரும் கண்ணு." இதையும் சேர்த்துச் சொன்னால் என் வித்தையில் என்ன மிச்சமிருக்கும்? அதனால் பாதியை மட்டும் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு காலையில் டீச்சர் ஆய்வகச் சாவியை எங்கள் இருவரிடமும் கொடுத்து, மேசைகளில் கண்ணாடிக் குவளைகளை எடுத்து வைக்கச் சொன்னார். அவருக்குப் பதினொன்றாம் வகுப்பில் பாடம் இருந்தது. முடித்துவிட்டு வந்து பிப்பெட்டும் பியூரெட்டும் எடுத்துத் தருகிறேன் என்றார். அவை எப்போதும் அவருடைய அலமாரியில் பூட்டியே இருக்கும், சாவி அவர் இடுப்பில்.

குவளைகளை வைத்து முடித்துவிட்டோம். காஸ்டிக்கையும் ஊற்றி வைத்துவிட்டால் டீச்சர் மெச்சுவார் என்று எனக்குத் தோன்றியது. அலமாரிக்குப் பக்கத்துத் தட்டில் இரண்டு பாட்டில்களும் ஒன்றாக நின்றன. இரண்டிலும் ரப்பர் கார்க், இரண்டிலும் தண்ணீர் போன்ற திரவம், இரண்டிலும் லேபிள் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்.

"டீச்சர் வரட்டும்ட்டி" என்றாள் ஜெசிந்தா.

"எதுக்குப் புள்ள? நாக்குல வெச்சா ஒரு நிமிசம்."

"லிட்மஸ் வெச்சுப் பாப்போம்."

"ரெண்டும் காஸ்டிக், ரெண்டுக்கும் லிட்மஸ் நீலமாத்தான் ஆகும். எவ்வளவு காரம்னு நாக்குக்குத்தான் தெரியும். எங்கப்பா தினமும் வெக்கிறாரு."

"அப்ப நீ வையி."

இந்த இடத்தில் நான் சொன்னதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. "என் கையெல்லாம் ஈரம், நீயே வெச்சுப் பாரு" என்றேன். ஈரக் கையால் கண்ணாடிக் குச்சியைப் பிடிக்க முடியாதா என்ன? எனக்குப் பயம், அவ்வளவுதான். கேனைச் சுமந்து வந்தவள் நான், நேர் சரக்கு என்று காதால் கேட்டவளும் நான். இரண்டில் ஒன்று நாக்கை வேக வைக்கும் என்பது எனக்குத் தெரியும். எது என்று தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ள இன்னொருத்தியின் நாக்கை நீட்டச் சொன்னேன். "பயமா?" என்றும் கேட்டேன்.

அவள் கண்ணாடிக் குச்சியை ஒரு பாட்டிலில் விட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். குச்சி முனையில் மூன்று நான்கு சொட்டு தொங்கியிருக்கும். அலறவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்; பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் விழுங்கிவிட்டாள். அன்று தண்ணீர் வராத நாள். வாசல் குடங்களில் ஒன்று காலி, மற்றதில் கால்வாசிதான் இருந்தது. அதைத் தூக்கி அவள் வாயில் ஊற்றியதும், சத்துணவுக்கூடத்து அக்கா ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியதும் எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. உதடும் நாக்கும் வெந்து வெள்ளையாகியிருந்தன.

மதியம் தலைமையாசிரியை அறையில் நின்றேன். அவர் வரலாறு படித்தவர். ஆய்வகம் என்றாலே எப்போது தீப்பிடிக்குமோ என்று பயந்தவர். ஆய்வகத்தில் விளையாடுகிறவளுக்கு டி.சி. என்று வருஷ ஆரம்பத்திலேயே பிரேயரில் சொல்லியிருந்தார். "என்ன நடந்தது?" என்றார். யோசிக்க எனக்கு நேரமே தேவைப்படவில்லை என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"பிப்பெட்ல உறிஞ்சும்போது வாய்க்குள்ள போயிருச்சுங்க."

"நீ கீழே பார்த்துக்கொண்டிருக்கவில்லையா?"

"டீச்சர் கூப்பிட்டாங்கங்க. போனேனுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது, பிப்பெட்டுகள் எல்லாம் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. சாவி, எனக்கு ஒரு கை தூரத்தில் நின்ற விசாலாட்சி டீச்சர் இடுப்பில் இருந்தது. தலைமையாசிரியை அவர் பக்கம் திரும்பி, "நீங்கள் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஏதோ ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் போலப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, நாந்தான் கூப்பிட்டேன்" என்றார்.

அவருக்கு மெமோ வந்தது. பிப்பெட்டில் தண்ணீர் கலந்த காஸ்டிக் ஒரு வாய் ஏறினாலும் நாக்கு இப்படி வேகாது என்பதும் அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. பிள்ளைகளைத் தனியே விட்டது தன் தப்பு என்று நினைத்தாரா, என் டி.சி.யை நினைத்தாரா, எனக்குத் தெரியாது. அந்த வயதில் நானோ, டீச்சருக்கு ஏதோ மறதி என்று என்னையே நம்பவைத்துக்கொண்டு, அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஜெசிந்தா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாள். ஆனால் அவள் அம்மா பள்ளிக்கு அனுப்ப மறுத்துவிட்டார். செய்முறைத் தேர்வுக்கு வராவிட்டால் அந்த வருஷமே போச்சு. டீச்சர் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், நடக்கவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "நீ போயிட்டு வா கண்ணு. நான் சொல்றத விட நீ சொன்னா அவங்கம்மா கேப்பாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

வரிசையாகப் பத்து அறைகள் உள்ள லைன் வீட்டில் அவர்களுடையது கடைசி. ஜெசிந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கி, பேச்சு வராமல், பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"அவ வாயப் பாத்தியா பிள்ள? ஒரு வாய் கஞ்சி குடிக்க முடியாம கெடக்கா. கம்பெனில கைல ஊசி ஏறுனாலும் ரெண்டு நாள்ல ஆறிரும். இது என்ன படிப்பு, திராவகத்த வாயால உறிஞ்சுத படிப்பு? நீ சொல்லு. நாளைக்குப் போனாலும் இத வாயாலதான உறிஞ்சணும்?"

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அது பாடம் செய்த காயம் இல்லை, என் தலைக்கனம் செய்த காயம். பாடத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் "ஆமாங்க" என்றேன்.

ஜெசிந்தா நோட்டை இழுத்து ஏதோ எழுதினாள். நான்கு வரி இருக்கும். தாளைக் கிழித்து என்னிடம் நீட்டி, அம்மாவைக் கை காட்டினாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. தம்பி எழுத்துக் கூட்டுகிற வயதுக்கு வரவில்லை. டீச்சரிடம்கூட எழுதிக் கொடுக்காமல், அதை வாசிக்கத்தான் என்னை எதிர்பார்த்து அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தாள் போல.

"என்ன எழுதிருக்கா?" என்றார் அவள் அம்மா.

நான் தாளைப் பார்த்தேன். "வலி இப்பக் கொறைஞ்சிருக்குன்னு எழுதியிருக்காளுங்க" என்றேன்.

ஜெசிந்தா இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினாள். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. "பேசாத தாயி, புண்ணு ரணமாயிரும்" என்று அவள் அம்மா அவளை அணைத்துக்கொண்டார். நான் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் டீச்சர், "சொன்னியா?" என்று கேட்டார். "சொன்னேனுங்க டீச்சர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, வெள்ளைத் தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக் கொடுத்து, எல்லா பாட்டிலுக்கும் புதிய லேபிள் எழுதச் சொன்னார். ஒட்டிய லேபிள் மேல் மெழுகு உருக்கிப் பூசினால் அமில ஆவி அரிக்காது என்று அன்றுதான் காட்டினார். நூற்றுச் சொச்சம் பாட்டில்களுக்கு அழகான கையெழுத்தில் எழுதினேன். என்மேல் டீச்சருக்கு எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

செய்முறைத் தேர்வில் என் மேசையின் மறுபக்கம் காலியாக இருந்தது. ஜெசிந்தாவுக்குப் பேச்சுத் திரும்பியபோது தேர்வு முடிந்து, அவள் கைமடிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரே ஒரு முறை, தொண்ணூறுகளில், காதர்பேட்டைக் கடைத்தெருவில் பனியன் பண்டல்களுக்கு நடுவே அவளைப் பார்த்தேன். எதிரில் வந்தவள் நின்று, "டீச்சராயிட்டியாமே? நல்லா இருட்டி" என்றாள். சில எழுத்துகள் மட்டும் லேசாகக் குழறின. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி நான் ஓடினேன்.

ஆமாம், டீச்சராகிவிட்டேன். வேதியியல்தான். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. என் ஆய்வகத்தில் ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி, ஆளுக்கொரு ரப்பர் பல்பு, கண் கழுவத் தனிக் குழாய், எந்நேரமும் தண்ணீர். அச்சடித்த லேபிள்கள் அரிப்பதில்லை. பிப்பெட்டை வாயில் வைத்த தலைமுறை என்று ஒன்று இருந்ததையே இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். துணியின் காரத்தை இன்று மெஷின் சொல்கிறது. அந்த லைன் வீட்டையும் இடித்துவிட்டார்கள். விசாலாட்சி டீச்சர் ஓய்வு பெற்ற சில வருஷத்தில் இறந்துபோனார். சாவுக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லும்போது ஒரு கதையும் சொல்வேன். எங்கள் காலத்தில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சும்போது ஒரு பெண்ணின் நாக்கு வெந்துபோன கதை. பிள்ளைகள் மிரண்டுபோய்க் கேட்பார்கள், விதி மனதில் பதியும். இந்த ஜூனில், முன் பெஞ்சில் இருந்த ஒரு குட்டி கையைத் தூக்கி, "அப்ப கீழ பாத்துக்க வேண்டிய பார்ட்னர் எங்க மிஸ் போனாங்க?" என்று கேட்டாள்.

"டீச்சர் கூப்பிட்டாங்க" என்றேன். அன்று போலவே, யோசிக்க நேரமே தேவைப்படவில்லை.

அன்று மாலை பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். பென்சில் எழுத்து மங்கிவிட்டது, மடித்த இடம் கிழிந்திருக்கிறது. அவள் அம்மா இப்போது இருக்கிறாரோ இல்லையோ. அவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டியதை, இவ்வளவு காலம் கழித்து இங்கே வாசிக்கிறேன்:

"எம்மா, இது பாடத்துல உள்ளது இல்ல. பிப்பெட்ல போகல. நானே வெளையாட்டா நாக்குல வச்சுட்டேன், இவ மேலயும் டீச்சர் மேலயும் தப்பு இல்ல. என்னப் பரிச்சைக்கு விடும்மா."